பேதி குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
ஒக்டோபர் 12, ஞாயிறு

அன்புள்ள மார்கிரட் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க முதல் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றதை எழுத எனக்குக் கை ஓடாது. போன மாதம் கிளினிக்கில் மலம் சோதிக்க வேண்டும், ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவாருங்கள் என்று சொன்னார்கள். நான் முதல் நாளே ஆமணக்கெண்ணெய் குடித்து, வயிற்றைக் கழுவித் துடைத்துவிட்டு, மிஞ்சினதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிரிக்காதே. நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். விருந்தாள் வருகிறது என்றால் வீட்டைக் கூட்டுகிறோம். பாதர் வருகிறார் என்றால் கதிரையைத் துடைக்கிறோம். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து என் குடலைப் பார்க்கப் போகிறார் என்றால் அப்படியே விட்டுவிட்டு இருப்பேனா? நல்ல குடும்பத்தில் பிறந்தவள் அல்லவோ நான்.

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நீ அங்கே சம்பளத்துக்குப் பார்க்கிற கிழவி இன்னும் உன் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுகிறாவா? சைப்பிரஸில் குளிர் தொடங்கியிருக்கும். காலுக்குச் சொக்ஸ் போடு. இங்கே மழைக்கு இருட்டிக்கொண்டு நிற்கிறது, பெய்கிறதாகவும் இல்லை, விலகுகிறதாகவும் இல்லை. என்னைப் போலத்தான்.

இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன் என்று யோசிப்பாய். என் போனைத் திறக்கிற இலக்கம் உன் மகள் லவீனாவுக்குத் தெரியும், எனக்குத்தான் மறந்து போகும். எனக்கு வருகிற வட்ஸ்அப் எல்லாவற்றையும் எனக்கு முதல் வாசித்துவிட்டு, சின்னம்மா, அம்மா ஏதோ எழுதியிருக்கிறா என்று சொல்லுகிற பிள்ளை அவள். அதனால் அங்கே திரும்பிப் போகிற அடைக்கலநாதன் அண்ணையின் மகளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவள் அடுத்தவர்களுடைய கடிதத்தைப் பிரித்து வாசிக்கிறவள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பரப்பினது நான்தான் என்றாலும், ஒரு கவனத்துக்கு உறையைச் சுற்றி மூன்று தரம் டேப் ஒட்டப் போகிறேன். கத்தரிக்கோலோடு இரு.

லவீனா இப்போது கோயிலில் இளைஞர் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆகும். அதற்குள் முடிக்க வேண்டும், அதனால் எழுத்து ஓடுகிறபடி ஓடட்டும்.

என் உடம்பு வருத்தம் என்னவென்று உனக்கு மட்டும்தான் தெரியும். என்ரை மனுசன் சிமியோன் டோஹாவிலிருந்து எனக்குக் கொண்டுவந்த சாமான் இரண்டு. ஒன்று, வரியன் புலிப் படம் போட்ட கம்பளி. அதற்காகச் சோதனைச்சாவடியில் அரை நாள் விளக்கம் சொன்னார். மற்றது எச்ஐவி. அதற்கு ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கம்பளி கிழிந்துவிட்டது. அவர் செத்தும் ஒன்பது வருடம். மற்றதுதான் என்னை விட்டுப் போகாமல் கூடவே இருக்கிறது.

அந்தக் கிளினிக் வாங்கில் வரிசையாய்க் குந்தியிருக்கிறவர்கள் எல்லோரும் வேறு எதற்கோ வந்தவர்கள், அக்கா. ஒருவர் காது காட்ட வந்தவர். இன்னொருவர் துணைக்கு வந்தவர், ஆனால் யாருக்குத் துணை என்று பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. போன முறை எங்கடை கோயில் ஆள் ஒருவரைக் கண்டேன். ஃபான் திருத்த வந்தனான் பெர்னடெட் அக்கா என்றார். நான் ஃபான் சுத்துதோ என்று பார்க்க வந்தனான் என்றேன். இரண்டு பேரும் அண்ணாந்து ஃபானையே பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தோம். குருநகர்க் கதை அவ்வளவும் என் வாயில் கிடக்கிறது. அவருடைய பெயர் மட்டும் இன்றுவரை வெளியே வரவில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன், கேட்காதே.

இனி விஷயத்துக்கு வாறன். டொக்டர் ஜெயகௌரி என்று புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறா. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான். செப்டெம்பரில் என் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா. போன வருடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இருந்த சிடி4 என்கிற வெள்ளையணு இந்த முறை முன்னூற்று முப்பத்தொன்று. இரத்தத்தில் தேடியும் பிடிபடாமல் இருந்த கிருமி இப்போது கொஞ்சம் தலை காட்டுகிறதாம். குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ அம்மா என்று கேட்டா. ஓம் என்றேன். வயிறு எப்படி என்று கேட்டா. வயிற்றைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்துவேனா? ஓகஸ்டிலிருந்து இளக்கமாகப் போகிறது, சாப்பிட்டால் பொருமுகிறது, படி ஏறக் களைக்கிறது, சட்டை எல்லாம் வேறு ஆளுடையது மாதிரித் தொங்குகிறது என்று கொட்டித் தீர்த்தேன். நிறையிலும் நான்கு கிலோ குறைவு. இரத்தத்தில் இன்னொரு சாதி அணு கூடியிருக்கிறது, வயிற்றில் பூச்சி இருந்தால் அது கூடுகிறது வழக்கம் என்று டொக்டர் சொன்னா.

பூச்சிக்கும் இந்தக் கிருமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆமிக்காரர் மாதிரி அம்மா, உடம்பைக் காவல் காக்க நிக்கிறவை என்று தொடங்கினா. நான் கையைக் காட்டி மறித்தேன். டொக்டர், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த உதாரணம் சொன்னால் எனக்குக் காய்ச்சல்தான் வரும், வேறு ஏதாவது சொல்லுங்கோ என்றேன். பிள்ளை சிரித்துவிட்டா. பிறகு கோயில் பங்குச் சனத்தை வைத்துச் சொன்னா. பின்வேலியில் ஒரு சண்டை என்று வையுங்கோ. ஊர்ச்சனம் முழுக்க அங்கே ஓடி, கத்தி, நித்திரை இல்லாமல் நிற்கும். முன் படலையில் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. பூச்சி என்பது பின்வேலிச் சண்டை. அதைவிட மோசம் என்னவென்றால், இந்தக் கிருமிக்குச் சும்மா படுத்திருக்கிற அணுவைப் பிடிக்காதாம். எழும்பிப் பரபரத்துக்கொண்டு நிற்கிற அணுவுக்குள்தான் அது நன்றாகப் பெருகுமாம். உடம்பு எந்நேரமும் அந்தரப்பட்டுக்கொண்டு இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

அதைக் கேட்ட நாள் தொடக்கம் சும்மா இருக்கப் பழகுகிறேன், அக்கா. இன்று மட்டும் முற்றத்தை மூன்று தரம் கூட்டியாயிற்று.

எனக்கு இரண்டு வழி என்று டொக்டர் விளக்கமாகச் சொன்னா. பூச்சி இருந்தால் பூச்சிக்கு மருந்து தரலாம், எண்ணிக்கை திரும்ப ஏறக்கூடும். பூச்சி இல்லை என்றால், நான் எடுக்கிற குளிசைக்குக் கிருமி பழகிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். இரத்தம் கொழும்புக்குப் போகும், மருந்தையே மாற்ற வேண்டி வரும், மாற்றுகிற மருந்துக்கும் கிருமி பழகினால் பிறகு வழி சுருங்கிக்கொண்டே போகும். அந்த நிமிடமே நான் பூச்சிக்காக அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். தொலைந்த சாமானை எல்லாம் தேடித் தருகிறவர், இதையும் தேடித் தரட்டும். பூச்சி எவ்வளவு மரியாதையான வருத்தம் என்று யோசித்துப் பார். சந்தைக்குள் நின்று உரத்துச் சொல்லலாம். நாலு பேர் நாலு கைமருந்து சொல்லுவார்கள், ஒருவரும் எழும்பித் தள்ளி இருக்க மாட்டார்கள்.

அப்படி நேர்த்தி வைத்தவள் ஏன் பேதி குடித்தாய் என்று கேட்பாய். அதற்குக் காரணம் இரண்டு பெண்கள். ஒருத்தி புத்தூர் நல்லம்மா, மற்றவள் உன் மகள்.

நல்லம்மா யார் என்று உனக்குச் சொன்னேனோ தெரியாது. வியாழக்கிழமையில் நான் கருவாடு கொண்டு புத்தூருக்குப் போகிறேன் அல்லவா, அங்கே வெங்காயம் போடுகிற மனுசி. கருவாட்டைக் கொடுத்துவிட்டு வெங்காயம் கட்டித் தரும்வரை தோட்டத்துக்குள் நின்று ஊர்க்கதை கதைப்போம். தண்ணி கட்டின செம்மண்ணில் செருப்புப் புதைகிறது என்று நான் எப்போதும் கழற்றி வரம்பில் வைத்துவிடுவேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன். வயிறு காட்டப் போகிறேன், மலம் கேட்கிறார்கள் என்று மட்டும் அவவுக்குச் சொன்னேன். உப்பிடியே போகப் போறீரோ, ஒரு பேதியைக் குடிச்சுத் துப்பரவாக்கிக்கொண்டு போம் என்று, தான் காய்ச்சின எண்ணெயில் ஒரு போத்தல் தந்தா.

லவீனாவின் பங்கு இன்னும் பெரிது. அவள் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் படிக்கிறது ஆய்வுகூடப் படிப்பு என்று பீற்றிக்கொண்டு திரிகிறவள் நான்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் பழகக் கூட்டிப்போகிறார்கள் என்பது, டப்பாவைக் கையில் வாங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் மகள் குனிந்து என் அழுக்கைப் பார்க்கிற காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது. டப்பாவில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் என்று சொன்னார்கள். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. லவீனா கம்பஸ் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பை நிறைய எண்ணெயை ஊற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். ஒன்பது தரம் கக்கூஸுக்கு ஓடினேன். பத்தாம் தரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் டப்பாவைக் கருவாட்டுப் பைக்குள் ஒளித்து பஸ் ஏறினேன். மணத்தால் பிடிபட்டாலும் பழி கருவாட்டுக்குப் போகட்டும் என்ற யோசனை. பக்கத்தில் இருந்த மனுசி, பிள்ளை இண்டைக்கு என்ன கருவாடு என்று பைக்குள் எட்டிப் பார்த்தா. இது ஓடர் சாமான் அம்மா, விற்கிறதில்லை என்றேன்.

ஆய்வுகூடத்தில் ஜெயதீபன் என்று ஒரு தம்பி. பார்த்துவிட்டு வெளியே வந்து, அம்மா, நீங்கள் தந்தது மலமோ பொரிச்ச எண்ணெயோ, எண்ணெய்ப் பொட்டைத் தவிர ஒண்டும் தெரியேல்லை என்றான். பூச்சி காணப்படவில்லை என்று எழுதியும் தந்துவிட்டான். எனக்கு ஒரு பக்கம் பெருமை. பார்த்தாயா, எவ்வளவு சுத்தம்.

அந்தத் தாளோடு போய் டொக்டர் முன் இருந்தேன். அவ அதை வாசித்தா. லாச்சியைத் திறந்து ஒரு நீளமான படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினா. கொழும்புக்குப் போகிற படிவம். பயப்படாதேங்கோ அம்மா என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா. அதுவரை நான் பயப்படவில்லை, அதைக் கேட்ட பிறகுதான் பயந்தேன். உடனே வாய் தானாகத் திறந்து, எண்ணெய்க் கதை, நல்லம்மா, கக்கூஸ் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பேனையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு வெளியே வாங்கு வரை கேட்டிருக்கும். பிறகு பேச்சு. எண்ணெய் போனால் பூச்சி முட்டை ஒன்றும் கண்ணில் படாது என்று உங்களுக்குத் தெரியாதோ என்று கேட்டா. துப்பரவாக்கிக்கொண்டு வந்தால் நான் எதைப் பாக்கிறது, அழுக்கோடை வாங்கோ என்றா. இரண்டு கிழமை எண்ணெய்ப் பக்கம் போகக் கூடாது, பிறகு மூன்று நாள் காலையில் மூன்று டப்பா.

கக்கூஸ் ஒன்று, ஆள் இரண்டு உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய களவு என்று நீயே கற்பனை பண்ணு. மூன்று நாள் காலையிலும் லவீனா கதவில் தட்டி, சின்னம்மா, சீனி கூடினால் அடிக்கடி போகும், இண்டைக்கு ரத்தம் பாப்பம் என்றாள்.

சீனிக் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜூனில் அவள் இருந்த போடிங் வீட்டைச் சொந்தக்காரர் வந்து எடுத்ததும், இங்கே அனுப்பி வைத்தாய் அல்லவா? அனுப்ப முதல் போனில் அழுதுகொண்டு ஒன்று கேட்டாய். பெர்னடெட், அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேச வேண்டி வரும் என்றாய். ஓம் என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஏன் போறீங்கள் என்று அவள் கேட்டபோது சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டேன். அன்று தொடக்கம் இல்லாத சீனிக்கு நான் படுகிற பாடு. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவில் குரக்கன் பிட்டு. விரலில் குத்திப் பார்க்க ஒரு மெசினும் வாங்கி வந்திருக்கிறாள். தொண்ணூற்றிரண்டு காட்டினால், பாத்தீங்களோ, நான் வந்த பிறகு எப்படிக் கட்டுப்பட்டிருக்கு என்று அவளுக்குப் பெருமை. ஒரே அறையில்தான் படுக்கிறோம். என் அலுமாரியை அடுக்குகிறதும் அவள்தான். குளிசையின் நிறத்தைப் பார்த்தே பெயர் சொல்லுகிற பிள்ளை, அவள் கண் படாத நேரம் பார்த்துத்தான் நான் என் குளிசையை விழுங்க வேண்டும்.

படலைச் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தேன், பெர்னாந்து வீட்டு ஆடு. மிச்சத்தை எழுதுகிறேன்.

மூன்றாம் டப்பா கொடுத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் நானும் லவீனாவும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம், சூடை மீன் பொரித்திருந்தேன். சின்னம்மா, நேற்று ஆஸ்பத்திரியிலை ஒரு வடிவான சிலைட் பாத்தனாங்கள் என்றாள். கொக்கிப்புழு முட்டையாம். எழும்பிப் போய், தான் கீறின படத்தையும் கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நீள உருண்டை, கண்ணாடி மாதிரி மெல்லிய தோல், உள்ளுக்குள் நாலு உருண்டை. இவ்வளவு தெளிவாய் இதுவரை ஒருத்தரும் காணேல்லை என்று சேர் சொன்னவர் என்றாள்.

அது என்னுடையதுதான் என்று யார் சொன்னது என்று நீ கேட்பாய். ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. இந்த வயிற்றில் ஒன்றும் நிற்காது என்று சிமியோனைப் பெற்ற மாமி எத்தனை பேருக்கு முன்னால் சொன்னவ. இதிலிருந்து வந்த ஒன்றை ஒருத்தி வடிவு என்று சொன்னது இதுதான் முதல் தரம்.

அதோடு நிற்கவில்லை உன் மகள். எச்ஐவி உள்ள ஆக்களுக்குப் பூச்சி இருந்தால் கட்டாயம் மருந்து குடுக்க வேணும், உடம்பின்ரை எதிர்ப்புச் சக்தி அங்கை வீணாப் போகும் என்று பாடம் மாதிரிச் சொல்லிக்கொண்டு மீன் முள்ளை எடுத்தாள். மழை வரும் போல என்று சொல்லுகிற அதே குரலில், அக்கா. எனக்கு முள்ளு தொண்டைக்குள் போய்விட்டது. ஓடிவந்து முதுகில் குத்தி, சோற்று உருண்டை விழுங்க வைத்து, ஏன் சின்னம்மா, பேரைக் கேட்டே பயந்திட்டீங்களோ, அது இப்ப சீனி வருத்தம் மாதிரித்தான் என்றாள்.

திங்கட்கிழமை டொக்டரிடம் போனேன். கொக்கிப்புழுதான். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றால் பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறி, சுற்றிச் சுற்றிக் குடலுக்கு வந்து இரத்தம் குடிக்குமாம். வெங்காயத் தோட்டத்தில் நின்று கதைத்த கதைக்கு எனக்குக் கிடைத்த கூலி. சப்புகிற குளிசை தந்தா. செருப்பில்லாமல் கண்டால் உள்ளே விட மாட்டன் என்றா. நல்லம்மாவுக்கும் பூச்சி மருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. கொழும்புப் படிவத்தை டொக்டர் திரும்ப லாச்சிக்குள் வைத்துவிட்டா. எல்லாம் இந்தப் பூச்சியின்ரை வேலையா இருக்கும், தை மாதம் திரும்ப இரத்தம் பார்ப்பம், எண்ணிக்கை ஏறியிருக்கும் என்று எனக்கு முன்னால் அவவுக்குச் சந்தோஷம். நானும் தலையாட்டினேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தியாயிற்று.

கதை நல்லபடி முடிந்தது என்று நீ நினைப்பாய். நானும் அப்படி நினைக்கத்தான் பார்க்கிறேன், ஆனால் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின முற்றத்தையே கூட்டுகிறேன். தை மாதம் வரும்வரை எத்தனை தரம் கூட்டுவேனோ தெரியாது.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ போனில் கேட்டு வாங்கின அந்தச் சொல்லை நீயே திரும்ப எடுத்துக்கொள். நானாக மீற மாட்டேன். நீ பெற்றவள், உன் பயம் உனக்கு. ஆனால் நீ நினைக்கிற லவீனா வேறு, என் முன்னால் இருந்து மீன் தின்கிற லவீனா வேறு. அவள் பயப்பட மாட்டாள். பயந்தாலும் இரண்டு நாள் பயப்படட்டும், பிறகு புத்தகத்தை எடுத்து வைத்து எனக்கே பாடம் எடுப்பாள். நீ வருகிறவரை பொறுப்பம் என்று எழுதாதே. போனில் அவளிடம் சொல்லு, அல்லது என்னைச் சொல்ல விடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொன்னால் நல்லது.

உன் கை கால் நோகாமல், அந்தக் கிழவியின் வாயிலிருந்து மாதா உன்னைக் காப்பாற்றட்டும். லவீனாவைப் பற்றிக் கவலைப்படாதே. என் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன், அவளும் என்னை அப்படித்தான் பார்க்கிறாள், அதுதான் கஷ்டம்.

என்றும் உன் தங்கச்சி,
பெர்னடெட்

பி.கு: டொக்டர் ஜெயகௌரிக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. நாளுக்கு ஒன்று என்று ஓகஸ்ட் மாதத்துக்குத் தந்த போத்தலில் இன்னும் பதினொரு குளிசை கிடக்கிறது.